காதல் விழாவும் மனித இயல்பும்: புகார் முதல் கொல்லி அடிவாரம் வரை

காதலுக்கென்று விழா எடுக்கும் வழக்கம் தமிழகத்தில் பழையது. காமவேள் விழா, புதுப்புனல் விழா, தைந்நீராடல், காமன் பண்டிகை, ஆடிப்பெருக்கு என அது பல பெயர்களில் பல பருவங்களில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊரெல்லாம் ஒரே மனத்தோடு அதைக் கொண்டாடியது என்று மட்டும் பழைய நூல் எதுவும் சொல்லவில்லை. ஆவலோடு ஓடியவர், நாணி ஒதுங்கியவர், தன் மதிப்புக்கு ஒவ்வாது என்று மறுத்தவர், பிரிவால் விழாவையே வெறுத்தவர் என எல்லோரையும் அந்த நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்து ஊரான சேந்தமங்கலத்தையும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியையும் எடுத்துக்கொண்டால், காதலையும் இல்லறத்தையும் சார்ந்த விழாக்கள் அங்கே நோம்பி என்ற பெயரில் இன்றும் நடக்கின்றன. இந்த விழாக்களின் வரலாறு, அவற்றைக் கொண்டாடியவர்களின் மனப்போக்குகளின் வரலாறும் ஆகும்.

இயல்பை வகுத்த இலக்கணம்

காதலில் ஆளுக்கு ஆள் மனப்போக்கு வேறுபடும் என்பதைத் தமிழில் முதலில் முறைப்படுத்தியது தொல்காப்பியம். அதன் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது அதன் கணக்கு. உவகைக்கு அது சொல்லும் நான்கு காரணங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. ஆற்றிலும் சோலையிலும் கூடி ஆடும் விளையாட்டையும் காதலர் கூட்டத்தையும் இலக்கணம் ஒரே உணர்ச்சியின் வாயில்களாக வைத்திருக்கிறது. விழா என்பது இந்த இரண்டும் ஓரிடத்தில் சேரும் நாள்.

தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை பத்து என்றும் அதே இயல் பட்டியலிடுகிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, திரு ஆகியவை வெளிப்படத் தெரிபவை. நிறை, அருள், உணர்வு, ஒரே அளவில் நிற்கும் காம விருப்பம் ஆகியவை மனத்தைச் சேர்ந்தவை. இதற்கு மறுதலையாக, காதலரிடம் இருக்கக் கூடாத குணங்களும் சொல்லப்படுகின்றன. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியத்தல், புறம்பேசுதல், கடுஞ்சொல், சோம்பல், மறதி ஆகியவை அவற்றுள் அடங்கும். இன்றைய உளவியல் ஆளுமைக் கூறு என்று அழைப்பதற்கு மிக அருகில் வரும் பட்டியல் இது.

அகத்திணைப் பகுப்பும் மனநிலைகளின் பகுப்பே. குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு, முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்று வைத்ததோடு இலக்கணம் நிற்கவில்லை. ஒருபக்கக் காதலுக்குக் கைக்கிளை, பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை என இடம் ஒதுக்கியது. ஒரே விழா நாளில் இந்த ஏழு நிலைகளிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர். அதனால்தான் இலக்கியத்தில் விழா வரும்போதெல்லாம் கூடவே ஒரு பூசலோ ஒரு மறுப்போ வருகிறது.

புகாரில் ஒரு விழா, மூன்று பெண்கள்

காவிரி கடலில் கலக்கும் புகார் நகரில் நடந்த இந்திர விழா பழந்தமிழ் விழாக்களில் மிக விரிவாகப் பதிவானது. சித்திரை முழுநிலவில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இருபத்தெட்டு நாள் நடந்ததாக மணிமேகலை கூறுகிறது. விழாவைக் கைவிட்டால் ஊருக்குக் கேடு என்ற நம்பிக்கை இருந்தது. எனவே அது அரசனே முன்நின்று நடத்திய ஊர்க்கடமை. ஆனால் அதன் நிறைவில் வந்த கடலாட்டு காதலருக்கு உரியதாக இருந்தது. மாலை, சாந்து, யாழ் ஆகியவற்றோடு இணை இணையாக மக்கள் கடற்கரைக்குப் போயினர்.

சிலப்பதிகாரத்தின் கோவலனும் அவன் காதலியான ஆடல்மகள் மாதவியும் அப்படிப் போனவர்களே. கோவலன் யாழை மீட்டிக் கானல்வரி பாடினான். அவன் பாட்டில் வேறொருத்தி மறைந்திருப்பதாக மாதவி எண்ணினாள். பதிலுக்கு அவளும் தன் மனம் வேறொருவனிடம் இருப்பது போல் பாடினாள். அவள் பாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத கோவலன் எழுந்து போய்விட்டான். கலைஞர் இருவர், இருவரும் குறிப்புப் பேச்சில் தேர்ந்தவர்கள், இருவரும் எளிதில் புண்படுகிறவர்கள். ஆண்டின் மிக இனிய நாளிலேயே அவர்கள் உறவு முறிந்தது.

அதே நகரில் கோவலன் பிரிந்திருந்த மனைவி கண்ணகியின் நடத்தை வேறு. அவள் தோழி தேவந்தி. கணவனைப் பிரிந்து வாழ்பவள். கடற்கரைக் கானலில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரண்டு பொய்கைகளும் காமவேள் கோட்டமும் உள்ளன என்றும், அங்கே நீராடித் தொழுத பெண்கள் கணவரோடு இன்புற்று வாழ்வர் என்றும் தேவந்தி சொல்கிறாள். கண்ணகி அந்த யோசனையைத் தனக்குப் பெருமையன்று என ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறாள். தேவந்திக்கு வழிபாடு ஆறுதல். கண்ணகிக்குத் தன் துயரை ஊரறிய ஒரு சடங்காக ஆக்குவது இழிவு. துயரம் இருவருக்கும் ஒன்றே, இயல்பு வேறு.

மூன்றாவது நிலை மணிமேகலையில் வருகிறது. கோவலன் இறந்தபின் இந்திர விழா மறுபடியும் அறிவிக்கப்படுகிறது. மாதவி ஆட வரவேண்டும் என்று அவள் தாய் சித்திராபதி, வசந்தமாலையைத் தூது அனுப்புகிறாள். அறவண அடிகளைச் சரணடைந்து பௌத்த நெறி ஏற்றுவிட்ட மாதவி வர மறுக்கிறாள். முன்பு விழாவின் நடுநாயகமாக இருந்தவள் இப்போது அதற்குப் புறத்தே நிற்கிறாள். ஒரே ஆளுக்கும் விழா எப்போதும் ஒரே பொருள் தருவதில்லை என்பதைக் காட்டும் பழைய சான்று இது.

வையைக் கரைக் கூட்டம்

பரிபாடலின் வையைப் பாடல்கள் விழாவைக் கூட்டத்தின் கண்ணால் பார்க்கின்றன. மலையில் மழை பெய்து ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் மதுரையே கரைக்கு வருகிறது. நறுமணப் பொடி, மாலை, நீர் வீசும் கருவிகள், யானை, வண்டி, கள் என்று ஆரவாரம். இருபதாம் பாடலில் இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சச்சரவு. தலைவியிடமிருந்து காணாமற்போன நகைகள் ஒரு பரத்தையின் உடம்பில் இருப்பதைத் தோழியர் கண்டுபிடிக்கின்றனர். அவள் கூட்டத்துக்குள் புகுந்து மறைய முயல்கிறாள், பின்தொடர்கிறார்கள், ஏச்சும் எதிரேச்சும் எழுகின்றன. வயதானவர்கள் இடையில் புகுந்து புத்தி சொல்கிறார்கள். விழா இன்பத்தை மட்டும் கூட்டுவதில்லை, ஒளித்து வைத்ததையும் வெளியே கொண்டுவருகிறது என்பதைப் புலவர் நகைச்சுவையோடு காட்டுகிறார்.

பதினோராம் பாடலில் வரும் தைந்நீராடலில் இந்தச் சத்தம் குறைவு. மணமாகாத இளம்பெண்கள் தாயர் துணையோடு பனி நீரில் ஆடி, நல்ல துணையை வேண்டுகிறார்கள். காதலை நேரே சொல்லக் கூசும் வயதினருக்கு நோன்பு ஒரு நல்ல மறைப்பாக இருந்தது. பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திரக் கூடத்தைக் காட்டுகிறது. ரதி, காமன், அகலிகை, பூனை உருவில் ஓடும் இந்திரன் ஆகியோரின் ஓவியங்களை மக்கள் இவர் யார், அவர் யார் என்று கேட்டறிகின்றனர். விழாவுக்கு வந்தவருள் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுகொள்பவர்களும் உண்டு என்பதற்கு இதுவே போதும்.

கலித்தொகையின் பாலைக்கலியில் காமவேள் விழா பிரிந்திருப்பவளின் நாட்காட்டியாகிறது. இளவேனில் வந்தது, குயில் கூவியது, காமன் விழாவும் வந்தது, போனவர் மட்டும் வரவில்லை என்பது அங்கே திரும்பத் திரும்ப வரும் முறையீடு. ஊர் மகிழும் நாள் அவளுக்கு ஆண்டின் மிகக் கடினமான நாள்.

காமன் கோட்டத்தில் நடந்தவை

சமணத் துறவியான திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணி, ஆடவரை வெறுக்கும் ஒரு பெண்ணை நடுவில் வைத்து ஒரு முழுக் கதை சொல்கிறது. இளவேனில் விளையாட்டில் குணமாலைக்கும் சுரமஞ்சரிக்கும் சுண்ணப் பொடி பற்றிப் போட்டி வருகிறது. சீவகன் இரண்டு பொடிகளையும் காற்றில் தூவுகிறான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடுகின்றன. தோற்ற சுரமஞ்சரி இனி ஆடவர் முகத்தையே பார்ப்பதில்லை என்று சூளுரைத்துக் கன்னிமாடத்துக்குள் அடைந்துகொள்கிறாள். பின்னர் சீவகன் கிழ வேடத்தில் அங்கே நுழைகிறான். பாட்டால் அவள் மனத்தை இளக்கிக் காமன் கோட்டத்துக்கு அழைத்து வருகிறான். சிலைக்குப் பின்னே ஒளிந்திருந்த அவன் தோழன் புத்திசேனன், அவள் விரும்பிய சீவகன் கிடைத்துவிட்டான் எனக் காமனே சொல்வதுபோல் சொல்கிறான். கிழ வேடம் கலைகிறது, மணம் நடக்கிறது. அவளது வெறுப்புக்கு அடியில் இருந்தது தோல்வியின் மானக்கேடுதான் என்பதைப் புலவர் குறிப்பாகச் சொல்லிவிடுகிறார்.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காமனை வேறொரு பயனுக்கு அழைக்கிறது. அதன் முதல் பத்துப் பாசுரங்கள் காமதேவனை நோக்கியவை. தை மாதம் முழுவதும் தரை விளக்கி, மண்டலமிட்டு, மாசி முதல் நாட்களில் மெல்லிய வெண்மணலால் தெருவை அலங்கரித்து, விடியுமுன் நீராடி நோன்பிருக்கும் ஒரு பெண், தன்னைத் திருமாலோடு சேர்க்கும்படி காமனிடம் கேட்கிறாள். மானிடருக்கு என்று தன்னைப் பேசினால் வாழமாட்டேன் என்ற உறுதியும் அங்கேயே வருகிறது. கண்ணகி மறுத்த வழிபாட்டை ஆண்டாள் விரும்பி ஏற்கிறாள். அதன் இலக்கை மட்டும் மாற்றிவிடுகிறாள்.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

காமனுக்குத் தனிக் கோட்டம் இருந்த காலம் போனபின், அவன் வழிபாடு காமதகனக் கதையோடு ஒட்டி நின்றது. சிவன் காமனை எரித்த இடமாகப் போற்றப்படுவது மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கை. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. கச்சியப்பரின் கந்தபுராணம் இந்தக் கதையைக் காமதகனப் படலத்தில் விரித்துப் பாடுகிறது. ஊர்ப்புறங்களில் இதுவே காமன் பண்டிகையாக, காமன் கூத்தாக நடந்துவருகிறது.

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கம்பம் நடுவார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டி, வறட்டியும் வைக்கோலும் சுற்றிய அந்தக் கம்பம்தான் காமன். நாள்தோறும் இரவில் பாட்டு, ரதியும் மதனும் வேடமிட்டுத் தெருவில் ஆடுதல், வீடு வீடாகப் போதல். முழுநிலவையொட்டிய இரவில் சிவ வேடக்காரர் நெற்றிக்கண் திறக்க, கம்பம் எரியும். ரதியின் ஒப்பாரி தொடரும். பிறகு காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர்பெறுவான். கூத்து, சாவு, அழுகை, மீட்சி என ஓர் இல்லறத்தின் எல்லா நிலைகளும் இந்த ஒரே பண்டிகைக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பண்டிகையின் தனிச் சிறப்பு அதன் வாதம். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நடந்த மராத்திய ஆட்சியோடு வந்த லாவணிப் பாட்டு, காமன் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. டேப்பும் துந்தினாவும் கையில் கொண்ட இரண்டு பாடகர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் எரிந்த கட்சி: காமன் எரிந்து சாம்பலானான், ஆசையைத் தவம் வென்றது என்பது அவர் வாதம். மற்றவர் எரியாத கட்சி: உருவம்தான் போயிற்று, காமன் எரியவே இல்லை, எரிந்திருந்தால் உலகம் எப்படி நடக்கும் என்பது அவர் கேள்வி. புராணம், சித்தர் பாட்டு, கணக்கு, விடுகதை, நையாண்டி என எல்லாவற்றையும் எடுத்து வீசி விடியும்வரை வாதம் நடக்கும். முடிந்த முடிவு என்று ஒன்று கிடையாது. அடுத்த மாசியில் அதே வாதம் மறுபடியும் தொடங்கும்.

காதலை ஒரு கொண்டாட்டமாகப் பார்ப்பவனும், அதை ஓர் இடர்ப்பாடாகப் பார்ப்பவனும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, ஒரே ஊரின் செலவில் வாதிடலாம் என்பதை இந்த வழக்கம் ஏற்பாடாகவே செய்துவைத்தது. விழாவை மறுப்பவனுக்கு விழாவுக்குள்ளேயே ஒரு மேடை கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் இந்தக் கூத்தையும் கொண்டுபோயினர். அங்கே பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு காமன் கூத்து மலையக மக்களின் அடையாளக் கலைகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. கோப்பிக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் கடும் உழைப்புக்கு நடுவே, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு முன்னால் ரதி அழுத அழுகையில், ஊரை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் தங்கள் அழுகையையும் கலந்துகொண்டனர்.

கொல்லி அடிவாரத்து நோம்பிகள்

சேந்தமங்கலம் நாமக்கல்லுக்கு வடகிழக்கே இருக்கிறது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர். ஊரின் கிழக்கே கொல்லிமலை எழுகிறது. சங்கப் பாடல்களில் அது குறுநில மன்னன் வல்வில் ஓரியின் மலை. காற்றும் இடியும் மழையும் அசைக்காத கொல்லிப்பாவை நின்ற மலை. குறுந்தொகையில் கபிலர் பாடும் தலைவன் தன் தலைவியை அந்தப் பாவையோடு ஒப்பிடுகிறான். அழகு மிக்கவள், எளிதில் அணுக முடியாதவள் என்பது ஒப்புமையின் உட்பொருள். பார்ப்பவரைச் சிரித்தே கொல்லும் பாவை என்று பிற்காலக் கதைகள் சொல்லும். மலைமேல் இருக்கும் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாக இன்று வழிபடுகிறார்கள்.

காமன் வழிபாட்டின் சாயல் இந்த வட்டாரத்துக் கோயில் சிற்பங்களில் இருக்கிறது. கட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்கள் எடுப்பித்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ரதியும் மன்மதனும் தூண் சிற்பங்களாக நிற்கின்றனர். ஆனால் மக்கள் கொண்டாடும் காதல் நாட்கள் இங்கே காமனின் பெயரில் இல்லை. குடும்பத்தின் பெயரில் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது ஆடி நோம்பி.

ஆடி முதல் நாளில் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் தேங்காய் சுடுவார்கள். முற்றிய தேங்காயை நார் போக உரித்து, தரையில் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்குவார்கள். மூன்று கண்களில் ஒன்றைத் துளைத்து நீரை வடித்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் ஆகியவற்றைக் கலந்து உள்ளே நிரப்புவார்கள். வடித்த நீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, ஒரு முனை சீவிய நீண்ட அழிஞ்சில் குச்சியைத் துளையில் அழுத்திச் செருகுவார்கள். மஞ்சள் பூசிய தேங்காயைக் குச்சியோடு பிடித்து, வீட்டு வாசலிலோ தெருமுனையிலோ மூட்டிய தீயில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே அரிசியும் பருப்பும் வெல்லப்பாகில் வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்பதும், போருக்குப் புறப்படுமுன் படைத்தது இது என்பதும் ஊரில் சொல்லும் காரணம்.

இந்த நாளுக்குப் புதுமணத் தம்பதியை அழைப்பது பெண் வீட்டாரின் கடமை. தலை ஆடி என்பது அதற்குப் பெயர். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் புதுத்துணி, விருந்து, சீர் உண்டு. விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை மட்டும் ஊர் திரும்புவார். பெண் ஆடி முழுவதும் தாய்வீட்டில் தங்குவாள். ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது பிரிவுக்குச் சொல்லும் காரணம். விதைப்புக் காலத்தில் உழைப்பு சிதறக்கூடாது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். இணைத்து வைக்கும் விருந்தும் பிரித்து வைக்கும் வழக்கமும் ஒரே நாளில் நடப்பது இந்த நோம்பியின் வேடிக்கை.

இங்கே ஆட்களின் இயல்பு நன்றாகத் தெரிய வரும். கூச்சமுள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுக் கூட்டத்தில் சாப்பிடுவதே பாடு. கலகலப்பானவர் மைத்துனர்களோடு தேங்காய் சுடப் போய்விடுவார். பெண்ணுக்கு அந்த ஒரு மாதம் தாய்மடியாகவும் இருக்கலாம், ஏக்கமாகவும் இருக்கலாம். சீர் குறைந்தது என்று முகம் சுளிக்கும் சம்பந்திகளும் உண்டு. ஆடிக்கு அழைக்காத மாமியாரைக் கடுமையாக ஏசும் பழமொழி ஒன்று தமிழகமெங்கும் வழங்குவதிலிருந்து, இது எவ்வளவு நுட்பமான இடம் என்பது விளங்கும். ஆனாலும் அன்பை வாயால் சொல்லத் தெரியாதவர்களுக்கு இந்த முறை வசதியாக இருந்தது. அழைப்பு, துணி, சீர், பலகாரம் ஆகியவை அவர்கள் சார்பில் பேசிவிடும்.

ஆடிப்பெருக்கான பதினெட்டாம் நாளில் மட்டும் பிரிந்தவர் மறுபடியும் கூடுவர். மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையில் பெண்கள் முளைப்பாரி விட்டு, தாலிச் சரடு மாற்றிக்கொள்வார்கள். மலைப் பக்கத்தார் கொல்லிமலைக்குப் போய் ஆகாய கங்கை அருவியில் நீராடி அறப்பளீஸ்வரரைத் தொழுவர். அதே நாட்களில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது; நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பேருந்துகளில் அன்று புதுமணத் தம்பதியர் நிறைய இருப்பர். வையைக் கரையில் பரிபாடல் காட்டிய கூட்டத்தின் தொடர்ச்சி இதுவே.

மணமாகாத பெண்களுக்கு வேறு நோம்பி உண்டு. கொங்குப் பகுதியில் மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் பூப்பறிக்கும் நோம்பி. பெண்கள் பலகாரம் கட்டிக்கொண்டு கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, மாலையில் திரும்புவார்கள். ஆண்கள் இல்லாத பொழுது என்பதால் நாணமுள்ள பெண்ணும் அன்று வாய்விட்டுப் பாடுவாள், கேலி பேசுவாள். தைந்நீராடலைப் போலவே காதல் இங்கே பாட்டுக்குள் ஒளிந்து வருகிறது.

மாரியம்மன் நோம்பியின் கம்பமும் இல்லறத்தைச் சார்ந்ததே. முக்கவராகக் கிளைத்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன் நட்டு, மஞ்சளும் வேப்பிலையும் சாத்தி, அதை அம்மனின் கணவனாகக் கொள்வது கொங்கு வழக்கம். பெண்கள் அதற்கு நீரூற்றுவார்கள். இரவில் இளைஞர்கள் அதைச் சுற்றிக் கம்பத்தாட்டம் ஆடுவார்கள். நோம்பி முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுவார்கள். காமன் கம்பம் தீயில் முடிகிறது என்றால் இந்தக் கம்பம் நீரில் முடிகிறது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊரான இராசிபுரத்தில் மட்டும் முறை வேறு. அங்கே கம்பம் ஆண்டு முழுவதும் கோயில் முன் நிற்கும். புதுக் கம்பம் நடும்போதுதான் பழையது நீங்கும். அதனால் அந்த அம்மனுக்கு நித்திய சுமங்கலி மாரியம்மன் என்று பெயர். கணவனை ஒருநாளும் இழக்காத தெய்வம் வேண்டும் என்று ஓர் ஊர் விரும்பி, தன் விழாமுறையையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டது.

பிப்ரவரி 14

ஐரோப்பாவில் புனித வேலன்டைன் நாளைக் காதலரோடு சேர்த்துப் பேசிய முன்னோடிப் பதிவு பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் பறவைகளின் மன்றம் என்ற காவியத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் அதை வணிகமாக்கின. தமிழகத்துக்கு அது 1990களில் வந்தது. பொருளாதாரத் தாராளமயம், தனியார் தொலைக்காட்சி, வாழ்த்து அட்டைக் கடைகள் மூன்றும் சேர்ந்து வந்த காலம் அது. 1996இல் அகத்தியன் இயக்கிய காதல் கோட்டை, முகம் பார்க்காத கடிதக் காதலைச் சொல்லி வெற்றி பெற்றது. 1999இல் கதிர் இயக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் வந்த படத்துக்குக் காதலர் தினம் என்றே பெயர். அதற்குள் அந்தச் சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்தது. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஓசூர், பசுமைக் குடில்களில் வளர்த்த சிவப்பு ரோஜாவை இந்த நாளுக்காகவே வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊராகியது.

எதிர்ப்பும் கூடவே வந்தது. இந்து அமைப்புகள் சில நாய்க்கும் கழுதைக்கும் திருமணம் செய்து வைத்துக் கேலியாகப் போராடின. 2023இல் இந்திய விலங்கு நல வாரியம் பிப்ரவரி 14ஐப் பசுவைத் தழுவும் நாளாகக் கொண்டாடும்படி வேண்டுகோள் விடுத்து, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. வணிக வெறுப்பால் விலகி நின்றவர்களும், நாள் குறித்து அன்பு காட்டுவது போலி என்று கருதியவர்களும் வேறு. எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் புதிய பெயர்கள் கிடைத்தன.

உளவியலும் இந்த நாளை ஆராய்ந்திருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் மோர்ஸ், நியூபெர்க் வெளியிட்ட ஆய்வு, பிப்ரவரி 14ஐ ஒட்டிய நாட்களில் உறவுமுறிவு கூடுவதைக் காட்டியது. ஏற்கெனவே தளர்ந்திருந்த உறவுகளில்தான் அது தெரிந்தது. 2014இல் வந்த மற்றோர் ஆய்வு, நெருக்கத்தைத் தவிர்க்கும் இயல்புடையவருக்கு அந்த நாளை நினைவூட்டுவதால் உறவில் நிறைவு கூடுவதில்லை என்றும், அந்த இயல்பு குறைந்தவருக்குக் கூடுகிறது என்றும் கண்டது. கானல்வரியையும் கண்ணகியின் மறுப்பையும் படித்தவருக்கு இந்த முடிவுகள் புதியவை அல்ல. மற்ற நாடுகளும் எல்லா இயல்பினருக்கும் இடம் தேடியிருக்கின்றன. ஜப்பானில் பிப்ரவரி 14இல் பெண்கள் சாக்லேட் கொடுக்க, ஆண்கள் மார்ச் 14இல் பதில் செய்வர். தென்கொரியாவில் இரண்டு நாளும் ஒன்றும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14இல் கூடிக் கறுப்புச் சாறூற்றிய நூடுல்ஸ் தின்பார்கள்.

ஆனால் தமிழகத்தில் ஒருவர் காதலை வெளியில் காட்டாமல் இருப்பதற்கு இயல்பு மட்டும் காரணமல்ல. சாதி கடந்த காதல் உயிருக்கே ஆபத்தாக முடிந்த நிகழ்வுகள் மேற்கு மாவட்டங்களிலும் உண்டு. இத்தகைய கௌரவக் குற்றங்களைத் தடுக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அச்சத்தால் வாய்மூடி இருப்பவரைக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று கணக்கிடுவது பிழை. பழைய நோம்பிகளும் இந்தக் குறையிலிருந்து விலக்கல்ல. ஆடி அழைப்பு குடும்பம் ஏற்ற திருமணத்துக்குத்தான் வந்தது. குடும்பம் ஏற்காத காதலுக்கு எந்த நோம்பியும் இடம் வைக்கவில்லை. காதலர் தினத்தின் வலிமை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை.

பழைய விழாவுக்கும் புதிய நாளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். காமன் பண்டிகையும் ஆடி நோம்பியும் ஆவலுள்ளவர், நாணமுள்ளவர், மறுப்பவர், துயருற்றவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தன, தேர்வுரிமை கொடுக்கவில்லை. பிப்ரவரி 14 தேர்வுரிமை கொடுக்கிறது. ஆனால் பேசத் தெரிந்தவருக்கும் செலவழிக்க முடிந்தவருக்கும் மட்டுமே எளிதாக இருக்கிறது. ஒரு காதல் விழா நிலைக்க இரண்டும் வேண்டும்: கலந்துகொள்ளும் உரிமையும், கலந்துகொள்ளாமல் மதிப்போடு இருக்கும் உரிமையும்.